சேபாவின் தண்ணீர் (கடிதம்)

வணக்கம்.

எங்கள் சபையில் இப்போது 1 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரம் படிக்கிறோம். சேபாவின் ராஜஸ்திரீ சாலொமோனுக்கு 120 தாலந்து பொன்னும் மிகுதியான கந்தவர்க்கங்களும் கொடுத்தாள் என்று வருகிறது. சேபா இருந்த இடமோ ஏமனின் பாலைவன ஓரம். அங்கே சாம்பிராணி மரமே கிடையாது என்கிறார் நண்பர் ஒருவர். பிறகு எதை வைத்து அவ்வளவு செல்வம் சேர்த்தார்கள்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். சாம்பிராணி மரம் நிற்பது கிழக்கே, ஓமானின் தோபாரிலும் ஏமனின் மஹ்ரா, ஹத்ரமௌத் பக்கமும். பட்டையைச் சிறு கத்தியால் சீவிவிட்டால் பால் வடியும். முதல் சீவலில் வருவது மட்டமான பிசின். இரண்டு வாரம் பொறுத்து அதே இடத்தைத் திரும்பச் சீவ வேண்டும். அடுத்தடுத்த சீவல்களில்தான் நல்ல சரக்கு இறங்கும். அது ஹத்ரமௌத்தின் தலைநகரான ஷப்வாவுக்குப் போகும். அங்கே தெய்வத்துக்குப் பத்தில் ஒரு பங்கை அளந்து எடுத்த பிறகே விற்கலாம், சரக்கோடு பெருவழியை விட்டு விலகினால் மரண தண்டனை என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதுகிறார்.

சேபாவின் கையில் இருந்தது தண்ணீர்.

மேற்கே ஏமன் மலைகள், சுமை ஒட்டகத்துக்குத் தோதில்லாத ஏற்றம். கிழக்கே மணல்வெளி. இரண்டுக்கும் நடுவே, காட்டாறுகள் மலையை விட்டு இறங்கும் வாய்களில்தான் ஊர்கள் அமைந்தன: ஷப்வா, திம்னா, மாரிப், மயீன். ஒட்டகக் கூட்டம் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் இந்த வரிசையைப் பிடித்தே வடக்கே போக வேண்டும். சேபாவின் தலைநகர் மாரிப். ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில் பெய்யும் மழை வாதி தனா என்ற காட்டாற்றின் வழியாக அங்கே வந்து இறங்குகிறது.

அந்த ஆற்றை மறித்துக் கட்டியதுதான் மாரிப் அணை. சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு மண்கரை, இரு முனையிலும் கல் மதகு. தண்ணீரைத் தேக்கி வைப்பது அதன் வேலையல்ல. வருடத்தில் இரண்டு முறை, வசந்தத்திலும் கோடை முடிவிலும் வரும் வெள்ளத்தின் மட்டத்தை உயர்த்தி, வடக்கிலும் தெற்கிலும் உள்ள வயல்களுக்குத் திருப்பிவிடும். பாசனப் பரப்பு 9,000 ஹெக்டேருக்கு மேல். குர்ஆனின் 34-ஆம் அத்தியாயம் ஸபா (சேபா) மக்களுக்கு வலமும் இடமும் இரண்டு தோட்டங்கள் இருந்ததாகச் சொல்வது இந்த அமைப்போடு அப்படியே பொருந்துகிறது.

வினை வண்டலில் வந்தது. ஒவ்வொரு வெள்ளமும் வயலில் வண்டலைப் படியவிட்டது. வயல் உயர்ந்தால் மதகை உயர்த்த வேண்டும், மதகை உயர்த்தினால் கரையை உயர்த்த வேண்டும். கரை ஏற ஏற உடைப்பும் பெரிதாகும். கி.பி. 548-இல் மன்னன் அப்ரஹா உடைப்பை அடைத்ததைச் சொல்லும் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதற்குப் பின் வந்த பேருடைப்பை யாரும் அடைக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் இதைப் பராமரித்த ஜனங்களை வெறும் வாசனைச் சரக்கு வியாபாரிகள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை.

வழியில் தண்ணீர் என்ன விலை போனது என்பதற்கும் பிளினியிடமே கணக்கு இருக்கிறது. திம்னாவிலிருந்து காசா வரை 65 தங்கல்கள். ஓரிடத்தில் தண்ணீருக்குக் காசு, இன்னோரிடத்தில் தீவனத்துக்கு, பிறகு தங்குவதற்கு, சுங்கத்துக்கு. ஆக ஒரு ஒட்டகத்துக்கு 688 தினாரியம் (ரோம வெள்ளிக்காசு). முதல் தரச் சாம்பிராணி ஒரு ராத்தல் 6 தினாரியம், மூன்றாம் தரம் 3. ஒட்டகத்துக்கு 170 கிலோ சுமை என்று வைத்தால் சுமார் 520 ரோம ராத்தல். முதல் தரமானால் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் வழிச்செலவு; மூன்றாம் தரமானால் பாதியை நெருங்கிவிடும். பிளினி எழுதியது சேபாவின் உச்ச காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தி. ஆனால் செலவின் இனங்கள் முன்பும் பெரிதாக மாறியிருக்காது.

பழைய சான்று யூப்ரடீஸ் கரையிலிருந்து வருகிறது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் சூஹு நாட்டு ஆளுநர் நினுர்தா-குதுரி-உசுர் என்பவர், தேமா (வடமேற்கு அரேபியாவின் சோலை ஊர்), சேபா வணிகர்களின் கூட்டத்தை மடக்கியதை ஆப்பெழுத்தில் பதித்திருக்கிறார். அவர்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவரிடம் தலைகாட்டாமல் கடந்துபோனார்களாம். 100 பேரைப் பிடித்தார். 200 ஒட்டகங்கள் சிக்கின. சுமையில் நீலக் கம்பளி, இரும்பு, மணிக்கற்கள். ஊருக்குத் திரும்பும் சரக்காக இருக்க வேண்டும். யூதாவோடு உள்ள தொடர்புக்கும் சேபேயரின் எழுத்திலேயே சான்று உண்டு: வடமேற்கு அரேபியாவின் தேதானுக்கும் காசாவுக்கும் யூதாவின் பட்டணங்களுக்கும் வியாபாரத்துக்குப் போய்வந்த ஒருவர் காணிக்கையாக வைத்த வெண்கலத் தகடு. அது சுமார் கி.மு. 600.

120 தாலந்து என்றால் ஏறத்தாழ 4 டன், சுமார் 24 ஒட்டகச் சுமை. சேபாவை ஆண்ட அரசி ஒருத்தியைச் சொல்லும் கல்வெட்டு அங்கே கிடைக்கவில்லை. சாலொமோனின் காலமான கி.மு. 10-ஆம் நூற்றாண்டுக்கு இந்தச் சான்றுகள் எட்டவும் இல்லை. எனவே அந்த அதிகாரத்தை வரலாற்றுக் கணக்காக எடுக்கும்போது நிதானம் வேண்டும்.

அடுத்த வாரம் உங்கள் சபையில் யோபு 6:15-20 பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். வெயிலில் வற்றிப்போன ஓடைகளை நம்பி வந்து, தேமாவின் கூட்டங்களும் சேபாவின் பயணிகளும் ஏமாந்து நிற்கிறார்கள். இந்த வணிகத்தை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய வரிகள் அவை.