மாதக் கடைசி சம்பள ஷீட்: அலங்காரத்தை ஸ்கிரிப்டிடம் விடாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "மாதக் கடைசியில் 12 யூனிட்டிலிருந்து சம்பள விவரம் சிஎஸ்வி ஃபைலாக வருகிறது. ஒவ்வொன்றையும் எக்ஸெல்லில் திறந்து, தலைப்பை போல்டாக்கி, அகலம் சரி செய்து, கீழே டோட்டல் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆகிறது. பைதான் கொஞ்சம் கற்றுக்கொண்டு முயற்சி செய்தேன். பேங்க் கணக்கு எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகிறது, டோட்டல் பூஜ்யம் என்று வருகிறது. எங்கே தப்பு?"

தப்பு உங்கள் கோடில் இருக்கலாம், அதற்கு முன்னாலேயே நடந்தும் இருக்கலாம். வந்த சிஎஸ்வியை (கமாவால் விவரம் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) ஸ்கிரிப்ட், அதாவது நீங்கள் எழுதிய பைதான் ப்ரோகிராம், படிப்பதற்கு முன் எக்ஸெல்லில் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். டபுள் கிளிக் செய்ததுமே 00451 என்பது 451 ஆகிவிடும். 12 இலக்க யுஏஎன் (பி.எஃப்.) எண் தசமப் புள்ளியும் கூட்டல் குறியுமாகச் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் கை தவறி சேவ் கொடுத்துவிட்டால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் ஃபைலில் பதியும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான், அதற்குப் பிறகு எந்த ஸ்கிரிப்டாலும் மீட்க முடியாது. 16 இலக்கக் கணக்கு எண் என்றால் இன்னும் மோசம், எக்ஸெல் எண்களில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 16-வது பூஜ்யமாகிவிடும். பார்த்தே ஆகவேண்டுமென்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

படிப்பதற்குப் பாண்டாஸ் என்ற பைதான் லைப்ரரியைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல கருவிதான், ஆனால் அதுவும் எண் மாதிரி தெரிவதையெல்லாம் எண்ணாக்கிவிடும். இந்த வேலைக்கு பைதானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலே போதும், அது தானாக எதையும் ஊகிக்காது, எல்லாவற்றையும் எழுத்தாகவே உங்கள் கையில் கொடுக்கும். எதை எண்ணாக்குவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்: தொகைகளை மட்டும், அதுவும் "18,450.00" என்பதில் இருக்கும் கமாவை எடுத்த பிறகு. உங்கள் டோட்டல் பூஜ்யமாக வந்ததற்கு இந்தக் கமாதான் காரணமாக இருக்கும். கமாவோடு வந்த தொகை எழுத்தாகவே செல்லில் உட்கார்ந்துவிடுகிறது, எழுத்தை சம் ஃபார்முலா கூட்டாது. தேதியை நாள், மாதம், வருடம் என்று வடிவம் சொல்லி மாற்றுங்கள், இல்லையென்றால் 03/04/2025 மார்ச் 4 ஆகிவிடலாம். கணக்கு எண், யுஏஎன், பேங்க் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும், அந்த செல்களின் நம்பர் ஃபார்மேட் "@", அதாவது டெக்ஸ்ட். ஓரத்தில் பச்சை முக்கோணம் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள், அதைக் கிளிக் செய்து எண்ணாக மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

இனி அலங்காரம். இதில்தான் எல்லோரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஒவ்வொரு பார்டரையும் கலரையும் கோடில் எழுதினால், நாளைக்கு மேனேஜர் "தலைப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்றதும் நீங்கள் கோடைத் தோண்ட வேண்டும். என் யோசனை, எக்ஸெல்லிலேயே கையால் அழகாக ஒரு மாதிரி ஃபைல் செய்துவிடுங்கள்: தலைப்பு, அகலம், ஃப்ரீஸ் பேன் (ஸ்க்ரோல் செய்தாலும் மேல் வரிகள் நகராமல் நிற்பது), பிரிண்ட் அமைப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம் எக்ஸெல் ஃபைலைக் கையாளும் ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற பைதான் லைப்ரரி கொண்டு அதைத் திறந்து, விவரத்தை நிரப்பி, வேறு பெயரில் சேவ் செய்தால் போதும். அகலத்தைக் கையால் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எழுத்துகளை எண்ணி அகலம் போடும் கோடு தமிழ்ப் பெயரில் தடுமாறும். "முருகன்" நமக்கு நாலு எழுத்து, பைதானுக்கு ஏழு.

மாதிரியில் ஒரே ஒரு விவர வரியை மட்டும் முழுதாக அலங்கரித்து வையுங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு புது வரிக்கும் அதிலிருந்து ஃபான்ட், பார்டர், நம்பர் ஃபார்மேட்டை எடுத்துக்கொள்ளட்டும். நேரடியாக எடுத்துக் கொடுத்தால் ஃபான்ட்டிலும் பார்டரிலும் எரர் வரும், பைதானின் காப்பி ஃபங்ஷன் வழியாகக் கொடுக்க வேண்டும். மாதிரியில் டெக்ஸ்ட் பாக்ஸ், அம்புக்குறி மாதிரி வடிவங்கள் வேண்டாம், சேவ் செய்யும்போது அவை காணாமல் போகும். தொகைக்கு லட்சம், கோடி கமா வேண்டுமென்றால் இந்த ஃபார்மேட்டை அப்படியே மாதிரி செல்லில் போடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

கழித்தல் தொகை இதில் மூன்றாவது பகுதிக்குப் போவதால், லட்சத்தைத் தாண்டிய பிடித்தம் மட்டும் 150,000 என்கிற பாணியில் தெரியும். சம்பள ஷீட்டில் அப்படி வருவது அபூர்வம்.

டோட்டலைக் கீழே போடாதீர்கள், தலைப்புக்கு மேலே போடுங்கள். ஒரு யூனிட்டில் 40 பேர், இன்னொன்றில் 310 பேர் என்று வரும்போது டோட்டல் வரி நகர்ந்துகொண்டே இருக்கும், இடையில் வரி சேர்த்தால் ஓப்பன்பைஎக்ஸ்எல் ஃபார்முலாக்களைத் தானாகத் திருத்தித் தராது. மேலே வைத்து 6-வது வரியிலிருந்து 2000 வரை கூட்டச் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை, ஃப்ரீஸ் செய்தால் எப்போதும் கண்ணிலும் இருக்கும்.

ஃபார்முலா எழுதிவிட்டோம், டோட்டல் சரி என்று நம்பிவிடவும் வேண்டாம். ஓப்பன்பைஎக்ஸ்எல் ஃபார்முலாவை எழுதும், கணக்குப் போடாது. எக்ஸெல்லில் திறந்தால்தான் விடை வரும். அதனால் டோட்டலை பைதானிலும் ஒருமுறை கூட்டி, சிஎஸ்வியில் எத்தனை வரி வந்தது, ஷீட்டில் எத்தனை போனது என்பதோடு சேர்த்து திரையில் காட்டச் செய்யுங்கள். வரி எண்ணுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2020-ல் இங்கிலாந்தில் 65,536 வரிக்கு மேல் தாங்காத பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் விவரத்தை ஏற்றியதில் 15,841 கொரோனா தொற்றுகள் தேசியக் கணக்கில் சில நாள் விடுபட்டுப் போயின. வந்ததையும் போனதையும் எண்ணிப் பார்க்கிற இரண்டு வரிக் கோடு அன்றைக்கே கண்டுபிடித்திருக்கும்.

ஐஎஃப்எஸ்சிக்கும் ஒரு சோதனை வையுங்கள்: மொத்தம் 11 எழுத்து, ஐந்தாவது கட்டாயம் பூஜ்யம். அங்கே ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுவது ரொம்ப சகஜம், பேங்கிலிருந்து பணம் திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

முதல் மாதம் ஒரே ஒரு யூனிட்டுக்கு மட்டும் ஓட்டி, கையால் செய்த ஷீட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டும்போது பர்மிஷன் எரர் என்று நின்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதே ஃபைல் எக்ஸெல்லில் திறந்திருக்கும். மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.