மணலில் ஓடினால் கால்பந்துக்கு வேகம் கூடுமா?

குமரிக் கடலோர ஊரான தூத்தூரில் கால்பந்து ஆடும் தம்பி கேட்ட கேள்வி இது. மூச்சுத்திறன் கூடும், வேகத்துக்கு மணல் மட்டும் போதாது.

1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கெட்டித் தரையைவிட மணலில் ஓட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவானது. கால் புதைவதால், தசைநார் ஸ்பிரிங் போலத் திருப்பித் தரவேண்டிய ஆற்றலை மணல் விழுங்கிவிடுகிறது. அதிர்ச்சி குறையும், ஆனால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும்.

அலை நனைத்த மணல் கெட்டிதான். ஆனால் கடல்பக்கம் சரிவு. ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே ஊன்றும். அதனால் போன தூரம் திரும்பியும் ஓடுங்கள்.

வாரம் இரண்டு நாள் மணல் போதும் என்பேன். வேக ஓட்டம் பூட்ஸ் போட்டு மைதானத்தில்தான். அப்புறம், நம்ம கடலோர ஈரக்காற்றில் வியர்வை லேசில் ஆவியாகாது, உடல்சூடு தணியாது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.