சேனல் 19

அன்புள்ள ஐயா,
ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். போன மாதம் டெக்னீஷியன் என்ற முதல்படித் தேர்வில் தேறி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேச உரிமை தரும் ஹாம் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். காரில் லைசென்ஸ் இல்லாமல் யாரும் பேசக்கூடிய பழைய சி.பி. ரேடியோ ஒன்று கிடக்கிறது, போட்டாலே லாரிக்காரர்களின் கெட்ட வார்த்தைதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல ஹாம் செட் மாட்டலாம் என்றிருக்கிறேன். எது வாங்கலாம்?
ர.

அன்புள்ள ர.,

லைசென்ஸ் வாங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எந்த செட் என்பதை உங்கள் ஊர் கிளப்பில் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்கு உறுத்தியது அந்த 'கழற்றி எறிந்துவிட்டு' தான். அந்தத் தேர்வில் 35 கேள்வியில் 26 சரியாக இருந்தால் பாஸ். அதற்குள் இவ்வளவு மிதப்பா?

ஹாமுக்கும் சி.பி.க்கும் இது பழைய பகை. சி.பி. இயங்கும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 1958 வரை அமெரிக்க ஹாம்களிடம் இருந்தது, அரசாங்கம் பிடுங்கி சி.பி.க்குக் கொடுத்தது. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரிக்காரர்கள் அதில்தான் சொல்லிக்கொண்டார்கள். சி.பி.க்குத் தேர்வு இல்லை, 4 வாட் சக்திதான், ஆளுக்கொரு பட்டப்பெயர். ஹாமுக்கு அப்படியில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கால்சைன், அதாவது லைசென்ஸில் கொடுத்த அடையாளக் குறியீடு, சொல்லியாக வேண்டும், வாய் தவறினால் யாரென்று தெரிந்துவிடும். நாம் மரியாதையாகப் பேசுவதில் பாதி அந்தக் கால்சைனுக்குப் பயந்துதான், அதைப் போய் நம் குணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

1998இல் அரிசோனாவில் ஐ-10 சாலையில் நண்பர் காரில் போய்க்கொண்டிருந்தேன். அவரும் ஹாம். ஹாம் பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டரில் இரண்டு பேர் ஆன்டெனாவைப் பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், எங்கோ வீட்டுக்குள் இருந்து. சி.பி.யில் ஒரு லாரிக்காரர், அதுவரை அவர் வாயில் வராத வார்த்தை இல்லை, திடீரென்று குரல் மாறி, "முன்னால் புழுதிப் புயல், ஒன்றும் தெரியவில்லை, சாலையை விட்டு இறங்கி நில், விளக்கை அணை, பிரேக்கிலிருந்து காலை எடு" என்றார். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து, சாலை அங்கேதான் போகிறது என்று நேராக வந்து மோதுவான். இறங்கி நின்றோம். இரண்டே நிமிடத்தில் எங்கள் கார் பானெட்டே எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் முக்கால் மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், தொண்டை கட்டிப்போன பிறகும். அவர் பட்டப்பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

2004 சுனாமியில் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து நம் ஊர் ஹாம் பாரதி பிரசாத் ரேடியோவில் செய்தி அனுப்பியது நமக்கெல்லாம் பெருமைதான், சரி. ஆனால் புழுதிக்குள் நிற்பவனுக்கு, அதே சாலையில் முன்னால் போகிறவன் குரல்தான் வேண்டும்.

ஹாம் செட்டை மாட்டுங்கள், சி.பி.யும் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் ஏறியதும் சி.பி.யை லாரிக்காரர்கள் பேசும் 19ஆம் சேனலில் வையுங்கள். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.