ஆழ்கடல் வெந்நீர் ஊற்றின் 350 டிகிரி சூட்டில் நுண்ணுயிர்கள் எப்படி வாழ்கின்றன?

350 டிகிரியில் எதுவும் வாழ்வதில்லை. ஊற்றிலிருந்து பீறிடும் நீரின் சூடு அது. உயிர்கள் இருப்பது அதன் பக்கத்தில். இந்தச் சூட்டையும் உயிர்களையும் சேர்த்தே படித்துப் படித்து, 350 டிகிரியிலேயே அவை வாழ்வதாக நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடலடிப் பாறைக்குள் சூடேறிய நீர், கரைந்த உலோகங்களையும் கந்தகத்தையும் சுமந்துகொண்டு மேலே வருகிறது. வெளியே கடல்நீர் 2 டிகிரி. பட்டதும் உலோக சல்பைடுகள் கரும்புகை போலப் படிந்து, ஊற்றைச் சுற்றிப் புகைபோக்கியாக வளர்கின்றன. அந்தச் சுவரைத்தான் கவனிக்க வேண்டும். உள்பக்கம் 350, வெளிப்பக்கம் 2, நடுவில் சில சென்டிமீட்டர்தான். அதற்குள் எல்லா வெப்பநிலையும் அடுக்கடுக்காக இருக்கிறது. சுவர் முழுக்க நுண்துளைகள். ஒவ்வொரு உயிரும் தனக்கு ஒத்துவரும் அடுக்கில் குடியிருக்கிறது. எனக்கு 350 என்ற எண்ணைவிட இதுதான் பெரிய அதிசயம்.

சரி, எவ்வளவு சூடு வரை தாங்கும்? அட்லாண்டிக்கில் 3,650 மீட்டர் ஆழத்தில் கிடைத்த பைரோலோபஸ் ஃபுமாரி என்ற நுண்ணுயிர் 113 டிகிரி வரை வளரும். 90க்குக் கீழே போனால் அதற்குக் குளிர், வளராது! 2003இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்ட்ரெய்ன் 121', மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் அதே 121 டிகிரியில் பெருகியது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியப் பெருங்கடல் ஊற்றில் எடுத்த மெத்தனோபைரஸ் காண்ட்லெரியை ஆழ்கடல் அளவு அழுத்தத்தில் 122 வரை வளர்த்தார்கள். சூரிய ஒளியே வேண்டாம், ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் போதும் அதற்கு.

அழுத்தத்தால் அங்கே நீர் கொதிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் கொதிக்காவிட்டாலும் சூடு புரதத்தைக் குலைக்கும், செல்லின் சவ்வை ஒழுக வைக்கும். நம் செல்சவ்வு, எதிரெதிராக நிற்கும் இரண்டு கொழுப்பு அடுக்குகள். மேலே சொன்ன நுண்ணுயிர்கள் ஆர்க்கியா வகை, அதாவது பாக்டீரியா அல்லாத ஒற்றைச்செல் உயிர்கள். இந்த ஆர்க்கியாக்கள் பலவற்றில் ஒரே நீள மூலக்கூறு இரு பக்கத்தையும் இணைத்து நிற்கிறது. பிரிந்துபோக அங்கே அடுக்கே இல்லை. டிஎன்ஏவைக் கூடுதலாக முறுக்கி வைக்க ஒரு தனி நொதியும் உண்டு.

இவ்வளவு இருந்தும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி போன்ற சிறு மூலக்கூறுகள் சூடு ஏற ஏற வேகமாகச் சிதைகின்றன. சிதைவதைவிட வேகமாகச் செய்துகொண்டே இருந்தால்தான் பிழைக்க முடியும். அதனால் அந்தச் சுவரின் உள்ஓரம் மட்டும் காலியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.