கேள்வி–பதில்: சி லைப்ரரிக்கு ஒரு பைத்தான் பைண்டிங்

கேள்வி: சென்சார் தரவைப் படிக்கும் ஒரு திறமூல சி லைப்ரரிக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பயன்படுத்துவதற்காக, சீடைப்ஸ் (சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் தொகுதி) கொண்டு பைத்தான் பைண்டிங் (இரண்டையும் இணைக்கும் நிரல்) எழுதினேன். சாதனத்தைத் திறக்கும் ஃபங்ஷன் ஒரு பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, தருகிறது. என் லினக்ஸ் கணினியில் எல்லாம் ஓடுகிறது. நண்பரின் கணினியில் அடுத்த அழைப்பிலேயே தவறான நினைவக முகவரியைத் தொட்டதாக ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ பிழை வருகிறது. சீடைப்ஸைக் கைவிட வேண்டுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கைவிட வேண்டியதில்லை. அந்த ஃபங்ஷனுக்கு ‘ரெஸ்டைப்’ (திரும்பி வரும் மதிப்பின் வகை) குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். குறிப்பிடாவிட்டால், திரும்பி வருவது சி மொழியின் ‘இன்ட்’ (முழு எண்) என்றே சீடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயின்டருக்கு 8 பைட் வேண்டும், இன்ட்டுக்கு 4 பைட்தான் என்பதால், முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போகிறது. உங்கள் கணினியில் அந்த முகவரி தற்செயலாகச் சிறிய எண்ணாக அமைந்திருக்கக்கூடும். ஓடியது என்பதற்காக அந்த நிரல் சரியென்று ஆகிவிடாது. ‘ரெஸ்டைப்’பை ‘சி_வாய்ட்_பி’ (பாயின்டர் வகை) என்று அறிவியுங்கள்; அதே பாயின்டரை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்களுக்கு ‘ஆர்க்டைப்ஸ்’ (உள்ளே அனுப்பும் மதிப்புகளின் வகைகள்) எழுதவும் மறக்காதீர்கள், இல்லையெனில் போகும் வழியில் அது மறுபடியும் வெட்டுப்படும்.

இதைவிடத் தொல்லை தருவது, நினைவகத்தை யார் விடுவிப்பது என்ற கேள்வி. லைப்ரரி ஒதுக்கித் தரும் சரத்தை ‘சி_சார்_பி’யாக (சரத்துக்கான பாயின்டர் வகையாக) அறிவித்தால், பைத்தான் அதை பைட்ஸாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டு மூல முகவரியைத் தொலைத்துவிடும், பிறகு விடுவிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. முகவரியாகவே வாங்கி, ‘ஸ்ட்ரிங்_அட்’ மூலம் படித்தபின், லைப்ரரியே தரும் விடுவிப்பு ஃபங்ஷனை அழையுங்கள். மாணவர்களில் விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அங்கே லைப்ரரியும் பைத்தானும் வெவ்வேறு சி ரன்டைமில் (சி நிரல்களுக்கு அடிப்படையான லைப்ரரியில்) இயங்க வாய்ப்புண்டு என்பதால், நினைவகத்தை விடுவிக்கும் சி மொழியின் ‘ஃப்ரீ’யை நேரடியாக அழைப்பது ஆபத்து. அதுபோல, லைப்ரரியிடம் கால்பேக் (அது பிறகு திருப்பி அழைக்கும் பைத்தான் ஃபங்ஷன்) கொடுத்தால், அந்தப் பைத்தான் பொருளை ஒரு மாறியில் பிடித்து வைத்திருங்கள். பயன்படாத பொருள்களைப் பைத்தான் நீக்கும் குப்பை சேகரிப்பில் அது போய்விட்டால், சி பக்கத்திலிருந்து வரும் அடுத்த அழைப்பு வெற்றிடத்தில் விழும்.

பத்துப் பதினைந்து ஃபங்ஷன்களுக்கு, பைத்தானோடு 2.5 பதிப்பிலிருந்தே சேர்ந்து வரும் சீடைப்ஸ் தாராளமாகப் போதும். ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஹெடர் கோப்பு அடிக்கடி மாறுகிற லைப்ரரி என்றால் நான் சிஎஃப்எஃப்ஐ என்ற மாற்றுத் தொகுதியின், கம்பைல் செய்து இணைக்கும் ஏபிஐ முறைக்கே போவேன். நீங்கள் அறிவித்த வகையும் ஹெடரில் உள்ள வகையும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கம்பைலரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குக் கம்பைலர் தேவைப்படுவதால், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் முன்கூட்டியே வீல் (நிறுவத் தயாரான பைத்தான் தொகுப்பு) தொகுத்து வெளியிட்டுவிடுங்கள். மாணவர்கள் பைத்தானின் நிறுவல் கருவியான ‘பிப்’ கொண்டு நிறுவிக்கொள்வார்கள்.