ஸ்ட்ரீட் வியூவில் என் வீடு தெரிகிறது: கேள்வி பதில்

கூகுள் ஸ்ட்ரீட் வியூ, ஆப்பிள் லுக் அரவுண்ட், பொதுமக்களே படமேற்றும் மேப்பிலரி போன்ற தெருப்படச் சேவைகளில் வீடும் முகமும் வண்டி எண்ணும் தெரிவதைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையில், கேட்டவரின் புனைபெயரோடு பதில் தருகிறேன். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: கூகுளில் ஒரு வீட்டை மங்கலாக்கினால் அது நிரந்தரம். பழைய படங்களிலும் மங்கல், இனி எடுக்கப்போகும் படங்களிலும் மங்கல். மனம் மாறிக் கேட்டாலும் திரும்பக் கிடைக்காது.

கிழக்கு வாசல்: வாசலில் அம்மா உட்கார்ந்திருப்பது முகத்தோடு அப்படியே தெரிகிறது. எப்படி எடுக்கச் சொல்வது?

கணினியில் செய்வது சுலபம். கூகுள் மேப்ஸைத் திறந்து, வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் பொம்மையை உங்கள் தெருவில் இறக்கி, அம்மா தெரியும் கோணத்துக்குத் திருப்புங்கள். வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் 'பிரச்சினையைப் புகாரளி' என்று இருக்கும். கைபேசியில் இதே வழி மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கிறது.

அதை அழுத்தினால் படத்தின் நடுவே சிவப்புக் கட்டத்தோடு ஒரு படிவம் வரும். படத்தை இழுத்தும் பெரிதாக்கியும் முகம் மட்டும் கட்டத்துக்குள் இருக்கும்படி செய்யுங்கள். கீழே முகம், வீடு, வண்டி அல்லது எண் பலகை, வேறு பொருள் என்று தேர்வுகள் இருக்கும். நீங்கள் எடுக்கவேண்டியது 'முகம்'. அவசரத்தில் 'வீடு' என்பதைத் தொட்டுவிட்டால் வாசலும் சேர்ந்து போய்விடும். விவரப் பெட்டியில் அடையாளம் தெளிவாக எழுதுங்கள்: 'இரண்டு வாசல்களில் இடப்பக்கத்து வாசல், நாற்காலியில் இருப்பவர்' என்பது போல. மின்னஞ்சல் முகவரி கொடுத்து அனுப்பியபின் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள். விளக்கம் கேட்டு மடல் வரலாம். பதில் போடாமல் விட்டால் கோரிக்கை அப்படியே நின்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். கூகுளின் கேமரா பொருத்திய கார் சில மீட்டருக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போகிறது. ஒரு புள்ளியில் மறைந்த முகம் அடுத்த புள்ளியில் தெரியும். வாசலுக்கு இருபுறமும் நான்கைந்து புள்ளிகள் நகர்ந்து பாருங்கள். பின்தெரு, குறுக்குத்தெரு, 'மற்ற தேதிகள்' பகுதியில் உள்ள பழைய படங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். தெரிகிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

நிழற்குடை: முகத்தைத் தானாகவே மறைப்பார்கள் என்றார்களே, ஏன் தவறுகிறது?

மறைப்பது மென்பொருள். 2009-இல் கூகுள் ஆய்வாளர்களே வெளியிட்ட அளவு: முகங்களில் 89 சதவீதத்துக்குச் சற்று மேல், எண் பலகைகளில் 94 முதல் 96 சதவீதம். அதற்குப்பின் மென்பொருள் முன்னேறியிருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான படங்களில் ஒரு சதவீதம் தப்பினாலும் அது பெரிய எண்ணிக்கை. பக்கவாட்டு முகம், பாதி நிழல் விழுந்த முகம், கண்ணாடிக் கதவில் பிரதிபலிக்கும் முகம் ஆகியவைதான் அதிகம் தப்புகின்றன. மறுபக்கம் சிலைகளும் விளம்பரப் பலகை முகங்களும் மங்கலாகிவிடும். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆற்றங்கரையில் நின்ற ஒரு பசுவின் முகத்தைக்கூட மென்பொருள் மறைத்திருந்தது.

பெயர்ப்பலகை, கதவில் எழுதிய கைபேசி எண் ஆகியவற்றை மென்பொருள் முகம்போலத் தேடி மறைப்பதில்லை. அவற்றை நீங்கள்தான் 'வேறு பொருள்' என்று சொல்லிக் கேட்கவேண்டும்.

மொட்டைமாடி: என் வீட்டை எடுக்க என்ன செய்யவேண்டும்?

முதல் பதிலில் உள்ள படிகள்தான், 'முகம்' என்பதற்குப் பதில் 'வீடு'. அது நிரந்தரம் என்பதை மறக்காதீர்கள்.

வாடகைக் குடித்தனம்: நான் வாடகைக்கு இருக்கிறேன். அடுக்குமாடியில் இரண்டாம் தளம். நான் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் உங்கள் தளத்தை மட்டும் மறைப்பார்கள் என்று நம்பவேண்டாம், முழுக் கட்டடமே மங்கலாகிவிட வாய்ப்பு அதிகம். தரைத்தளத்தில் கடையோ மருத்துவமனையோ இருந்தால், வழி தேடி வருபவர்களுக்கு முகப்பு இனி ஒருபோதும் தெரியாது. நீங்கள் வீடு மாறிப் போனபிறகும் அப்படித்தான். வீட்டுக்காரரிடமும் மற்றவர்களிடமும் பேசிவிட்டு அனுப்புங்கள். உங்கள் பால்கனி மட்டும்தான் கவலை என்றால், கட்டத்தை அதன்மேல் இறுக்கமாக வைத்து 'வேறு பொருள்' என்று கேட்டுப் பாருங்கள்.

ரவுட்டர்: அந்தக் கார் வைஃபையையும் படிக்கிறதாமே?

படித்தது உண்மை. கடவுச்சொல் இல்லாத வைஃபைகளில் ஓடிய தரவின் துண்டுகளையும் கார்கள் சேகரித்ததாகக் கூகுள் 2010 மே மாதம் ஒப்புக்கொண்டது. பிரான்சின் தரவு ஆணையம் 2011-இல் 1,00,000 யூரோவும், ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆணையம் 2013-இல் 1,45,000 யூரோவும் அபராதம் விதித்தன. அதே 2013-இல் அமெரிக்க மாநிலங்களோடு 70 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

இன்று நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வைஃபைக்குக் கடவுச்சொல். இரண்டாவது, கைபேசிகளின் இருப்பிடத்தைக் கணிக்கக் கூகுள் வைத்திருக்கும் வைஃபை பட்டியலில் உங்கள் ரவுட்டர் சேராமல் இருக்க, வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் அதை ஒட்டி 'நோமேப்' (_nomap) என்ற சொல்லும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேருங்கள். பெயர் மாறியதும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைக்கவேண்டியிருக்கும்.

சாலைப் பிரியர்: தெரு பொது இடம். நடந்து போகிறவன் பார்ப்பதைத்தானே கேமராவும் பார்க்கிறது? இதில் என்ன அந்தரங்கம்?

நடந்து போகிறவரின் கண் அவ்வளவு உயரத்தில் இல்லை. காரின் கூரைமேல் கம்பம் நட்டுப் பொருத்திய கேமரா மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. ஜப்பானில் இதற்கு எதிர்ப்பு எழுந்து, 2009-இல் கேமராவை 40 சென்டிமீட்டர் தாழ்த்தி மறுபடி படமெடுக்க ஒப்புக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2012-இல், சாதாரணமாக நடப்பவர் கண்ணுக்குப் படாத தோட்டமும் முற்றமும் அனுமதியில்லாமல் படத்தில் வரக்கூடாது என்று சொல்லி, 2 மீட்டர் உயரத்தை அளவாக வைத்தது. முகங்களில் சுமார் 1 சதவீதம் தப்புவதை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, சிறை, பெண்கள் காப்பகம் போன்ற இடங்களில் முழுமையாக மறைக்கவேண்டும் என்றது. காப்பக வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் முகம் மறைந்தாலும், உடையும் உடல்வாகும் அவரைத் தேடுகிறவனுக்குப் போதும்.

சாலைப் பிரியர்: சரி, முகத்தை விடுங்கள். வெறும் வீட்டு முகப்பு என்ன சொல்லிவிடும்?

நிறையச் சொல்லும். போலந்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் 20,000 வாடிக்கையாளர் முகவரிகளுக்கு ஸ்ட்ரீட் வியூ படங்களை எடுத்து, வீட்டின் வகை, வயது, பராமரிப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார்கள். வாகன விபத்து அபாயத்தைக் கணிக்க அவை உதவின என்று 2019-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 200 நகரங்களில் எடுத்த 5 கோடி தெருப்படங்களில் நிற்கும் கார்களின் வகையை வைத்தே அந்தந்தப் பகுதியின் வருமானத்தையும் வாக்களிக்கும் போக்கையும் மதிப்பிட்டது. வழிப்போக்கர் ஒரு வீட்டைப் பார்த்து மறந்துவிடுவார். இங்கே எல்லா வீடும் முகவரியோடும் தேதியோடும் சேர்ந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் மொத்தமாகப் படிக்கலாம். எனக்குக் கவலை அங்கேதான்.

கோலிக்குண்டு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தெருவில் ஒரே ஒரு வீடு மங்கலாக இருந்தால், 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று திருடனுக்கு நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

இதில் நியாயம் இருக்கிறது. 2010-இல் ஜெர்மனியின் 20 நகரங்களில் சேவை தொடங்குமுன்பே சுமார் 2,44,000 குடும்பங்கள் மறைக்கச் சொல்லிக் கேட்டன. படங்கள் வெளியானதும் எஸ்ஸென் நகரில் மங்கலாகத் தெரிந்த வீடுகளைத் தேடிப்போய் முட்டையடித்து, கூகுளைப் புகழ்ந்து சீட்டு ஒட்டினார்கள் சிலர். மங்கலே அடையாளமானது அங்கே.

ஆகவே என் பரிந்துரை: யாராவது உங்களைத் தேடித் துரத்துகிறார்கள் என்றால் முழு வீட்டையும் மறையுங்கள், தயங்கவேண்டாம். மற்றவர்கள் பெயர்ப்பலகை, நிறுத்திய வண்டி, உள்ளே தெரியும் சன்னல் என்று துண்டுதுண்டாகக் கேளுங்கள்.

சாலைப் பிரியர்: ஜெர்மனியில் மறைத்ததெல்லாம் 2023-இல் மறுபடி தெரிந்ததாமே? நிரந்தரம் என்றீர்களே?

அங்கே பழைய படங்களையே மொத்தமாக அகற்றிவிட்டுப் புதிதாக எடுத்துப் போட்டார்கள். பழைய கோரிக்கைகள் செல்லாது, வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பிக்கவேண்டும் என்றார்கள். அது ஒரு நாட்டுக்கான தனி ஏற்பாடு. அதை நம்பி, 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று அனுப்பாதீர்கள்.

மிதிவண்டி: நான் மேப்பிலரியில் படம் ஏற்றுகிறேன். கவனிக்கவேண்டியது என்ன?

இதைக் கேட்டதற்கு நன்றி. எடுக்கிறவர்களும் யோசிக்கவேண்டும். அங்கேயும் முகமும் எண் பலகையும் தானாக மங்கலாகும். ஆனால் கூகுள் மாதமும் ஆண்டும் மட்டும் காட்டும், மேப்பிலரியில் நாளும் உங்கள் கணக்குப் பெயரும் தெரியும். நீங்கள் ஏற்றும் பட வரிசைகளெல்லாம் ஒரே வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்தால், அது உங்கள் வீடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முதல் 200 மீட்டரையும் கடைசி 200 மீட்டரையும் ஏற்றுமுன் வெட்டிவிடுங்கள். சில நாள் 150, சில நாள் 400 என்று மாற்றுங்கள். எப்போதும் ஒரே தூரம் வெட்டினால் வட்டம் போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளி விடும் நேரத்தில் பள்ளித் தெருவில் எடுக்காதீர்கள்.

பக்கத்து மதில்: அண்டை வீட்டு சிசிடிவி என் படுக்கையறையை நோக்கி இருக்கிறது.

அது வேறு சட்டம், வேறு வழிமுறை. வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வெள்ளைக் கதவு: என் வீட்டை எப்படி நீக்குவது?

முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள். இதே கேள்வியோடு இன்னும் ஆறு பேர் வரிசையில் இருக்கிறீர்கள், எல்லோருக்கும் அதே படிகள்தான். படிக்காமல் படிவத்தை நிரப்பினால் பக்கத்து வீட்டையும் சேர்த்து அழிப்பீர்கள், அதையும் மீட்க முடியாது.

ஆப்பிள்காரர்: கூகுளில் மறைத்தால் ஆப்பிளிலும் மறையுமா?

மறையாது. ஒவ்வொரு சேவையும் தனித்தனியாகப் படமெடுக்கிறது. லுக் அரவுண்ட் காட்சிக்குள்ளிருந்தே புகார் அனுப்பலாம்.

கிழக்கு வாசல்: அனுப்பிவிட்டேன். அடுத்த புள்ளியில் பார்த்தால் படத்தின் மூலையில் கூகுளுக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது.

அது தனிநபர் ஏற்றிய 360 டிகிரிப் படம். கூகுள் கார் படத்துக்கு அனுப்பிய கோரிக்கை இதற்குச் செல்லாது. அந்தப் படத்திலேயே புகார் கொடியை அழுத்தி, அந்தரங்க மீறல் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொல்லுங்கள். அனுப்புமுன் திரையைப் படமெடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.