கியர்பாக்ஸ் மாறுகிறது, ஃப்ளெக்ஸ்பிளேட் எது?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். யாரோ பாதியில் விட்ட 1934 ஃபோர்டு கூப் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைக்கும் பழைய கார்) ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் வேலை பார்த்துவருகிறேன். உள்ளே இருப்பது செவ்ரலே 350 (கன அங்குலம்) இன்ஜின், டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இன்ஜின் அதிர்வில்லாமல் நன்றாக ஓடுகிறது. ஹைவேயில் இரைச்சல் குறையட்டும் என்று, 1989 செவ்ரலே பிக்கப்பிலிருந்து கழற்றிய 700ஆர்4 கியர்பாக்ஸை, அதன் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியைத் திரவத்தின் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), ஃப்ளெக்ஸ்பிளேட் (இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கையும் கன்வர்ட்டரையும் இணைக்கும், ஸ்டார்ட்டருக்கான பற்கள் உள்ள தகடு) இரண்டோடும் வாங்கினேன். அந்தப் பிளேட் என் கிராங்கில் உட்காரவில்லை. ஆறு துளைகளும் உள்ளே தள்ளி இருக்கின்றன. பழைய பிளேட்டில் 153 பற்கள். அது கிராங்கில் சரியாக உட்கார்ந்தாலும் புதிய கன்வர்ட்டரோடு சேரவில்லை. பிக்கப் பிளேட்டின் துளைகளை நீட்டித்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. நண்பர் டிரில்லை எடுப்பதற்கு முன் அந்தப் பிளேட்டை ஒளித்து வையுங்கள்!

ஃப்ளெக்ஸ்பிளேட்டைக் கியர்பாக்ஸின் உறுப்பாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அது இன்ஜினின் உறுப்பு. கிராங்கின் துளைகள், இன்ஜினின் பேலன்ஸ், ஸ்டார்ட்டரின் இடம் ஆகிய மூன்றையும் முடிவுசெய்வது இன்ஜின்தான். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வரும் நிபந்தனை ஒன்றே ஒன்று, கன்வர்ட்டரின் போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்). ஆகவே '700ஆர்4 பிளேட்' என்று கேட்டு வாங்கப் போனால் தவறான பிளேட்தான் கைக்கு வரும்.

உங்கள் பிளேட் ஏன் உட்காரவில்லை என்பதைப் பார்ப்போம். 1955 முதல் 1985 வரை வந்த செவ்ரலே ஸ்மால் பிளாக் இன்ஜின்களில் (350ம் இந்தக் குடும்பம்தான்) பின்பக்க மெயின் சீல், அதாவது கிராங்கைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம், இரண்டு துண்டாக இருக்கும். அவற்றின் கிராங்கில் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். 1986இல் அதை ஒரே துண்டு சீலாக மாற்றினார்கள், வட்டமும் 3 அங்குலமாகச் சுருங்கியது. உங்களுடையது முந்தைய வகை இன்ஜின், பிக்கப் பிளேட் பிந்தைய வகை. துளையை நீட்டித்து ஈடுகட்டுகிற வித்தியாசமா இது?

அப்படியே ஈடுகட்டினாலும் பேலன்ஸ் உதைக்கும். பழைய கிராங்கின் பின் விளிம்பிலேயே பேலன்ஸுக்கான எடை இருந்தது. ஒரே துண்டு சீல் உட்கார விளிம்பு முழு வட்டமாக இருக்க வேண்டும் என்பதால் அந்த எடையை அங்கிருந்து எடுத்து, ஃப்ளெக்ஸ்பிளேட்டில் ஏற்றிவிட்டார்கள். பிக்கப் பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கமாக எடை தெரியும். பேலன்ஸ் சரியாக இருக்கும் உங்கள் இன்ஜினில் அதை மாட்டினால், இல்லாத குறையைச் சரிசெய்யப் போய் நீங்களே ஒரு குறையை உண்டாக்குகிறீர்கள். முதலில் அதிர்வு, பிறகு பிளேட்டில் விரிசல்.

அடுத்து, உங்கள் இன்ஜின் உண்மையிலேயே 350தானா? விற்றவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பிளாக்கின் பின்புறம், டிரைவர் பக்கம், பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) சேரும் விளிம்பில் வார்ப்பு எண் இருக்கும். 3970010 என்றால் பழைய இரண்டு துண்டு வகை, 14093638 என்றால் புதிய வகை. ஆனால் பிளாக் எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஹாட் ராட் உலகில் 350 பிளாக்கில் 400இன் கிராங்கைப் போட்டு 383 ஆக்குவது சர்வசாதாரணம். 400 கிராங்கோ முன்னால் டாம்பரிலும் (அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) பின்னால் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் எடை கேட்கும். அதனால் கழற்றிய பழைய 153 பல் பிளேட்டை நன்றாகத் துடைத்து, எடை ஏதும் வெல்டு செய்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் அதோடு அதிர்வில்லாமல் ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எடை இல்லையென்றால் புதிதும் எடையில்லாததாக, அதாவது 'இன்டர்னல் பேலன்ஸ்' வகையாக இருக்க வேண்டும். எடை இருந்தால் அந்த வகையே வேண்டும்.

இப்போது கன்வர்ட்டர். மூன்று துளை உள்ள வட்டத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகள் இரண்டின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து 1.155ஆல் பெருக்குங்கள். அளவு 9.3 அங்குலம் வந்தால் வட்டம் 10.75. ஏறக்குறைய 10 வந்தால் வட்டம் 11.5. உங்கள் பிக்கப் கன்வர்ட்டர் 11.5ஆக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் அளந்துவிடுங்கள்.

ஆக, நீங்கள் கடையில் கேட்க வேண்டியது: 1985 வரையிலான இரண்டு துண்டு சீல் ஸ்மால் பிளாக்குக்கு, 168 பல், இரண்டு கன்வர்ட்டர் வட்டங்களுக்கும் துளையிட்ட பிளேட், பேலன்ஸ் பழையதைப் போலவே. இது எளிதாகக் கிடைக்கிறது. எஸ்எஃப்ஐ 29.1 (ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ளது கொஞ்சம் விலை கூடும். இன்ஜினை முறுக்கி ஓட்டுகிறவராக இருந்தால் அதற்கே செலவழியுங்கள், பிளேட் உடைந்தால் தெறிப்பது உங்கள் கால் பக்கம்தான்.

168க்குப் போனால் ஸ்டார்ட்டரும் மாறும். 153 பல் பிளேட்டின் குறுக்களவு 12¾ அங்குலம், 168க்கு ஏறக்குறைய 14 அங்குலம். சின்னதன் ஸ்டார்ட்டரில் இரண்டு போல்ட்டும் நேர் வரிசையில் இருக்கும், பெரியதில் கோணலாக இருக்கும். பெரும்பாலான பிளாக்குகளில் இரண்டுக்கும் துளை உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று காருக்கு அடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வகைக்கும் பொருந்தும் மினி ஸ்டார்ட்டர்கள் இருக்கின்றன. ஃபோர்டின் குறுகலான சேஸிஸில் எக்ஸாஸ்ட் பக்கம் இடமும் மிச்சமாகும். ஸ்டார்ட்டர் போல்ட்டுக்குப் பதில் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போடாதீர்கள். அதன் தண்டில் சொரசொரப்பான வரிகள் இருப்பது ஸ்டார்ட்டரை அசையாமல் பிடிக்கத்தான்.

போல்ட் என்றதும் இன்னொன்று. டிஎச்350இன் கன்வர்ட்டர் போல்ட் 3/8 அங்குலம், 700ஆர்4க்குப் பெரும்பாலும் 10 மி.மீ. மெட்ரிக். தடிமன் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் மரை வேறு, பழைய போல்ட்டைப் புதிய துளையில் போடாதீர்கள். வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை கெட்டுவிடும்.

மாட்டும்போது கன்வர்ட்டரை முதலில் கியர்பாக்ஸுக்குள் முழுவதும் தள்ளுங்கள். சுற்றிச் சுற்றித் தள்ளினால் 'டக்', 'டக்' என்று படிப்படியாக உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். பெல்ஹவுசிங்கை போல்ட்டால் இழுத்துச் சேர்க்கவே கூடாது. கையாலேயே பிளாக்கோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் கன்வர்ட்டர் முழுசாக இறங்கவில்லை, இறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடையும். சேர்த்தபின் கன்வர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளி, பிளேட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இருந்தால் சரி. கூடினால் மூன்று இடத்திலும் ஒரே கனமுள்ள வாஷர் போடலாம். இடைவெளியே இல்லையென்றால் நிறுத்திவிட்டு, பாகங்களின் பொருத்தத்தை மறுபடி சரிபாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 700ஆர்4 நீளம் அதிகம். வழக்கமான குட்டை வால் டிஎச்350ஆக இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை ஏறக்குறைய 3 அங்குலம் வெட்ட வேண்டும், பின் மவுண்ட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டும். பழைய கன்வர்ட்டரை இதில் போட முடியாது. லாக்-அப்புக்கு (கன்வர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்வது) தனி வயரிங் வேண்டும். அப்புறம், கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிப்பதே அதுதான். கார்புரேட்டருக்கு ஏற்ற பிராக்கெட் வாங்கி, கேபிளைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யும்வரை வண்டியைத் தெருமுனைவரைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். கிளட்ச் கருகிவிடும்.